பத்மாவின் கோம்பா

புஷ்பவதி மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே ஷபனேல் தெருவில் இருந்த ஒரு தையல் பக்டறியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பெண்களுக்கான குளிர்கால மேலங்கிகள் தைக்கிற இடம். ஐந்தாவது மாடி முழுக்க மெஷின்கள். காலடியில் தரை அதிரும். நாள் முழுக்கக் காதுக்குள் வண்டு கத்துவதுபோல் இருக்கும். மேற்பார்வை பார்த்த செலீன் என்ற கியூபெக்காரி அவளை வரிசைகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டுபோய் யன்னலோரமாக ஒரு கதிரையைக் காட்டினாள். பக்கத்து மெஷினில் குனிந்து, மேலங்கிக்குக் கை பொருத்திக்கொண்டிருந்த பெண்ணைச் சுட்டி, “இவள் உன் நாட்டுக்காரி. பத்மா” என்று பிரெஞ்சில் சொன்னாள். விளங்கியதா என்றுகூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

புஷ்பவதிக்கு விளங்கியது பத்மா என்ற பெயர் மட்டும்தான். அது போதுமாக இருந்தது. கணவன் உருத்திரமூர்த்தியையும் கைக்குழந்தை வித்தியாவையும் தவிர வேறு ஒருவரோடும் வாய்விட்டுத் தமிழ் கதைத்து மாதக்கணக்காகியிருந்தது. கதிரையில் இருக்க முன்னரே தொடங்கிவிட்டாள்.

“நீங்கள் எவடம் அக்கா? யாழ்ப்பாணமோ? வந்து கனகாலமோ? இந்தக் குளிரை எப்பிடித்தான் தாங்கிறியளோ! எனக்கெண்டால் மூக்குக் கழண்டு விழுந்திடும் போலக் கிடக்கு.”

அந்தப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். சிவந்த அகலமான கன்னங்கள், சிறுத்த கண்கள், நடுவகிடெடுத்து இறுக்கிப் பின்னிய தலைமயிர். புஷ்பவதி பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண்ணோ கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடந்தது என்னவென்று பிடிபட்டதும் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்து மெஷின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பக்கத்து வரிசைக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் புஷ்பவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் பத்மா அங்மோ. ஊர் லடாக். இமயமலைக்குள்ளே மரம் மட்டையில்லாத உயரத்தில் இருக்கிற லாமாயுரு என்ற கிராமம். அங்கே பத்மா என்பது வீட்டுக்கு வீடு இருக்கிற பெயராம். டில்லியில் வேலை பார்த்த ஒரு கியூபெக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனவள், அந்தக் குடும்பம் திரும்பியபோது அவர்களோடே மொன்ட்ரியாலுக்கு வந்தாள். பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கிருந்து தையலுக்கு வந்துவிட்டாள். கலியாணம் செய்யவில்லை. பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தாள்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. புஷ்பவதிக்கு ஹிந்தி தெரியாது. இரண்டு பேருக்கும் பொதுவாகக் கிடைத்தது பக்டறிப் பிரெஞ்சு. ஊசி, நூல், கழுத்துப்பட்டி, கெதியாய்ச் செய், மெதுவாய்ச் செய், எனக்குத் தலையிடி, உனக்குப் பசியா என்று தொடங்கிய அந்தப் பாஷை வருடக்கணக்கில் வளர்ந்து, தாயையும் தகப்பனையும் பயத்தையும் பற்றிக் கதைக்கிற அளவுக்கு வந்தது. இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்பட்டதில்லை.

சாப்பாட்டு நேரத்தில் புஷ்பவதி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் திறப்பாள். பத்மா வறுத்த வாற்கோதுமை மாவில் தேத்தண்ணீரை ஊற்றிக் கையாலேயே பிசைந்து உருண்டையாக்கி வாயில் போடுவாள். மா, தண்ணீர், கை. முதல்நாள் அதைப் பார்த்தபோது புஷ்பவதிக்குத் தன் தாய் புட்டுக்கு மாக் குழைப்பது நினைவுக்கு வந்தது. பிறகு இவள் புட்டை அவளும், அவள் உருண்டையை இவளும் தின்கிற வழக்கம் வந்துவிட்டது.

பத்மாவுக்கு ஊரைப் பற்றிப் பேச ஒரு விஷயம்தான் இருந்தது: கோம்பா. “எங்கள் மொனஸ்தேர்” என்பாள். மண்ணிறக் குன்றின் உச்சியில், விழுந்துவிடுவதுபோல் நிற்கிற பழைய மடம். ஆயிரம் வருடம் என்பாள். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒருகாலத்தில் ஏரியாக இருந்ததாம். ஒரு மகான் வந்து மலையைப் பிளந்து தண்ணீரை வடித்துவிட்டாராம். அதனால்தான் சுற்றியுள்ள மண் இன்றைக்கும் அலை அலையாக நிற்கிறதாம். சின்னப் பிள்ளையாக விளக்குக்கு வெண்ணெய் கொண்டு மேலே ஏறியது, நீளக் கொம்புச் சத்தம் கேட்டதும் ஆடுகளை விட்டுவிட்டு ஓடியது, துறவிகள் முகமூடி போட்டு ஆடுகிற திருவிழாவில் பயந்து தாயின் பாவாடைக்குள் ஒளிந்தது என்று சொல்லிக்கொண்டே போவாள். சொல்லும்போது அவளுடைய கை நிற்காது. துணி பாட்டுக்கு ஊசிக்குக் கீழே ஓடும்.

மொன்ட்ரியாலில் சந்திக்குச் சந்தி தேவாலயம். புஷ்பவதியும் மொனஸ்தேர் என்றால் கன்னியாஸ்திரிகள் இருக்கிற மடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். இமயமலையிலும் வேதக்காரர் இருக்கிறார்களாக்கும் என்று வீட்டில் உருத்திரமூர்த்தியிடம் சொல்லியும் இருக்கிறாள்.

ஒரு பெப்ரவரி மாதம். பத்மாவின் ஊர்ப் புதுவருடம். அன்றைக்கு அவள் சின்னச் சட்டமிட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து நூற்கட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்மூடி, கையை மடியில் வைத்து இருக்கிற புத்தர்.

புஷ்பவதிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுடைய ஊர் பலாலிப் பக்கம். அங்கே எங்கெங்கே ஆமி காம்ப் அடித்தார்களோ அங்கெல்லாம் வாசலில் ஓர் அரசமரமும் மரத்தடியில் ஒரு புத்தரும் வந்துவிடுவார். ஒருநாள் காலையில் அடுப்பில் வைத்த பாலை இறக்கக்கூட நேரமில்லாமல் ஓடினார்கள். பிறகு அவர்களுடைய வீடு முள்வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்த வீட்டின் முகத்தை நினைக்கப்போனாலே அவளுக்கு வேலியும் துவக்கும் அந்தச் சாந்தமான வெள்ளைச் சிலையும்தான் முன்னுக்கு வரும்.

அன்று அவள் பத்மாவோடு சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. பிலிப்பைன்ஸ்காரிகளின் மேசையில் போய் இருந்தாள். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பத்மா நேரே வந்து முன்னால் நின்றாள்.

“நான் என்ன செய்தேன், புஷ்பா?”

சொல்வதற்குப் புஷ்பவதியிடம் அப்போது மூன்று சொற்கள்தான் இருந்தன. “மேசோன்” என்றாள். வீடு. “சொல்தா” என்றாள். ஆமிக்காரர். பிறகு படத்தைக் காட்டி, “புத்தா” என்றாள். கண்ணீர் வந்துவிட்டது. கையால் ஒரு வேலியைக் காற்றில் வரைந்து காட்டினாள்.

பத்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் புத்தர் அப்படியில்லை என்று வாதாடவில்லை. திரும்பிப்போய்ப் படத்தை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தாள். அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து நூற்கட்டைகளுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன இடம் வெறுமையாகக் கிடந்தது. புஷ்பவதி கையை நீட்டி நூலெடுக்கும்போதெல்லாம் அந்த வெறும் இடம் கண்ணில் குத்தியது. என் வீட்டை ஒருத்தன் பறித்தான் என்றால், இவள் படத்தை நான் பறித்துவிட்டேனே என்று இருந்தது. ஒரு கிழமைதான் தாங்கினாள்.

“அதைத் திருப்பி வை” என்றாள். “எனக்குப் பார்க்கக் கஷ்டம்தான். ஆனால் வை.”

பத்மா படத்தைத் திருப்பி வைத்தாள். முகத்தைத் தன் பக்கமாகச் சரித்து வைத்தாள், புஷ்பவதிக்கு முதுகுதான் தெரிகிற மாதிரி. அந்தப் பக்டறி மூடப்படும்வரை அந்தப் படம் அப்படியே இருந்தது.

பக்டறி மூடியது பெரிய செய்தியாக ஒன்றும் இல்லை. தெரு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். புஷ்பவதி கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் சமைக்கப் போனாள். பத்மா ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் நின்றாள். அதன் பிறகு சனிக்கிழமைகள்தான் அவர்களுடையவை. புஷ்பவதி மெட்ரோவில் வந்து இறங்குவாள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்று கதைப்பார்கள். வித்தியா படித்துப் பார்மசிஸ்ட் ஆனது, கர்க்லாண்டில் வீடு வாங்கியது, உருத்திரமூர்த்திக்கு இருதய வால்வு மாற்றியது, பத்மாவின் தாய் ஊரில் இறந்தது எல்லாம் அந்தத் தக்காளிகளுக்குப் பின்னால்தான் பேசப்பட்டன. இன்றைக்கும் பழுத்த தக்காளி மணத்தில் புஷ்பவதிக்கு அந்தச் சனிக்கிழமைகள் திரும்பி வரும்.

பத்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். “ஊருக்குப் போகிறேன். முழங்கால் இன்னும் கொஞ்சக் காலம்தான் ஏறும். நீயும் வருவாயா?”

புஷ்பவதி பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ ஏறினாள். வீட்டுக்கு வந்து உருத்திரமூர்த்தியிடம் சொன்னாள். அவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எங்கை போறீர்?”

“லடாக்குக்கு. பத்மான்ரை கோம்பாவைப் பாக்க.”

“கோம்பா எண்டால் விகாரைதானே?”

“ஓம்.”

“எங்கடை வீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறவங்கள் கும்பிடுறவரை, பிளேன் ஏறிப்போய்ப் பாக்கப் போறீரோ? எனக்கு இது விளங்கேல்லை.”

“எனக்கும்தான் விளங்கேல்லையப்பா. ஆனால் அவள் என்னை ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லை. இதுதான் முதல்தரம் கேக்கிறாள்.”

அவர் அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வித்தியாதான் ஓடித்திரிந்து உயரத்துக்கான குளிசைகள், சூடு தரும் காலுறை எல்லாம் கட்டிக்கொடுத்தாள். “அம்மா, மூச்சு முட்டினால் உடனே இருந்திடவேணும். வீரம் காட்டாதேங்கோ” என்று நூறு தரம் சொன்னாள்.

லே நகரத்தில் இறங்கி, உடம்பு பழகட்டும் என்று ஓய்வெடுத்துவிட்டுக் காரில் புறப்பட்டார்கள். சிந்து நதி கூடவே வந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் புத்தகத்தில் படித்த பெயர் இப்படிக் கலங்கல் தண்ணீராகப் பக்கத்தில் ஓடும் என்று புஷ்பவதி நினைத்ததில்லை. மலைகளில் ஒரு புல் இல்லை. ஒன்று ஊதா, ஒன்று துருநிறம், ஒன்று சாம்பல். பத்மா டில்லியிலிருந்தே வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள், ஊர் நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவு திரும்பியதும் மஞ்சள் மண் அலை அலையாகத் தெரிந்தது. சொன்னது சரிதான்: ஏரி வற்றிப்போய் அலைகள் மட்டும் காய்ந்து நின்றதுபோல். அதற்கு மேலே, குன்றின் உச்சியில், வெள்ளைச் சுவர்களும் சிவந்த விளிம்புகளுமாகக் கோம்பா நின்றது.

“நீ பொய் சொல்லேல்லை” என்றாள் புஷ்பவதி, தன்னை அறியாமல் தமிழில்.

பத்மாவின் தங்கை டிஸ்கித்தின் வீடு குன்றின் அடிவாரத்தில். வாற்கோதுமை வயலுக்கும் கோம்பாவின் படிகளுக்கும் நடுவே. அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. நெற்றியோடு நெற்றி முட்டி நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். புஷ்பவதி பைகளைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை மேலே ஏறினார்கள். பத்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, ஆனாலும் ஒரு பெண்பிள்ளையின் அவசரத்தோடு ஏறினாள். பிரார்த்தனை மண்டபத்தின் வாசலில் செருப்புகளைக் கழற்றினார்கள். உள்ளே இருட்டு. வெண்ணெய் விளக்கின் மணம் வாசல்வரை வந்தது. பத்மா உள்ளே போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். புஷ்பவதி ஒரு காலை நிலைப்படிக்குள் வைத்தாள். கண் இருட்டுக்குப் பழகியதும், தூரத்தில் மடியில் கைவைத்து இருக்கிற உருவம் தெரிந்தது. வைத்த காலை எடுத்துவிட்டாள். முடியவில்லை.

“நான் வெளியிலை நிக்கிறன். நீ இரு” என்று சைகை காட்டிவிட்டு, சுவரோரமாக உருட்டு உருட்டென்று பிரார்த்தனை உருளைகளைச் சுற்றிக்கொண்டு போன கிழவிகளின் பின்னால் நடந்தாள். அவர்கள் வேகத்துக்கு நடந்ததுதான் பிழை. கோம்பாவின் பின்பக்கம் வந்தபோது நெஞ்சுக்குள் யாரோ துணியை அடைத்ததுபோல் இருந்தது. சுவரைப் பிடித்தாள். சுவர் விலகிப் போனது.

“ஐயோ முருகா, மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு…”

கீழே சரிந்தவளை நோக்கிப் பூட்ஸ் சத்தம் ஓடிவந்தது. கண்ணைத் திறந்தாள். சீருடை. பச்சையும் மண்ணிறமுமாகப் புள்ளி போட்ட அதே துணி, இடுப்புப் பட்டி, சப்பாத்து. புத்தர் கோயில் வாசலில் ஆமிக்காரன். அவளுக்கு எந்த வருடத்தில் எந்த நாட்டில் இருக்கிறாள் என்பதே மறந்துபோனது. மண்ணைக் காலால் உதைத்துப் பின்னுக்கு நகர்ந்தாள்.

“தொடாதேங்கோ! என்னைத் தொடாதேங்கோ!”

ஓடிவந்தவன் அப்படியே நின்றுவிட்டான். நாற்பது வயதிருக்கும். மீசையில் ஒன்றிரண்டு நரை. அவன் தொப்பியைக் கழற்றினான். எட்டத்திலேயே குந்தினான்.

“அம்மா, நீங்க தமிழா?”

புஷ்பவதிக்கு இன்னும் மூச்சு வரவில்லை. வெறித்துப் பார்த்தாள்.

“பயப்படாதீங்கம்மா. நான் தொடல. எம் பேரு ஏழுமலை. ஆரணி பக்கம். தண்ணிய இங்க வெக்கிறேன், மெதுவா குடிங்க. கூட யாராச்சும் வந்திருக்காங்களா?”

தன் மொழி அந்தச் சீருடைக்குள்ளிருந்து வந்ததை அவள் மனம் ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கையை நீட்டினாள். தண்ணீருக்கில்லை. தூக்கிவிடச் சொல்லி.

இராணுவ வண்டித் தொடர் ஒன்று கீழே தங்கி நின்றது. ஓய்வு கிடைத்த நேரத்தில் கோம்பாவைப் பார்க்க ஏறியவன்தான் ஹவில்தார் ஏழுமலை. அவனும் இன்னொருவனுமாக அவளை ஒரு கம்பளியில் கிடத்திப் படிகளில் இறக்கினார்கள். சாலையோரத்தில் இருந்த அவர்களுடைய மருத்துவக் கூடாரத்தில் மூக்கில் ஒட்சிசன் குழாயை வைத்தார்கள். பத்மா பக்கத்தில் இருந்து அவள் கையை உருவிவிட்டுக்கொண்டே, லடாக்கியிலும் பிரெஞ்சிலும் ஹிந்தியிலும் மாறி மாறிப் புலம்பினாள். பயப்பட ஒன்றுமில்லை, படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார் மருத்துவர்.

மாலையில் டிஸ்கித்தின் வீட்டுக்கு ஏழுமலை ஒரு தூக்குச் சட்டியோடு வந்தான். குழைய வேகவைத்த சோறும் மிளகு ரசமும்.

“எங்க மெஸ்ல செஞ்சதும்மா. கொஞ்சம் காரமா இருக்கும். மூச்சுக்கு நல்லது.”

புஷ்பவதி இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகுதான் சொன்னாள். “தம்பி, உங்களைக் கண்டவுடனை நான் கத்திப்போட்டன். குறை நினையாதேங்கோ. நான் இலங்கை. எங்கடை பக்கத்திலை இந்த உடுப்பைக் கண்டால் நாங்கள் ஓடித்தான் பழக்கம்.”

“பேச்சைக் கேட்டதுமே இலங்கைன்னு தெரிஞ்சிடுச்சும்மா.” அவன் தூக்குச் சட்டியின் மூடியை எடுத்துத் துடைத்தான். “அதான் கிட்ட வரல. எங்கம்மாவா இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சேன்.”

வேறொன்றும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாளாம். ரசத்துக்குப் புளி இங்கே கிடைப்பது பெரும்பாடாம். போகும்போது, “வரேம்மா, உடம்பப் பாத்துக்குங்க” என்றான். விடியற்காலையில் வண்டித் தொடர் போய்விட்டது. அவனை அவள் பிறகு பார்க்கவில்லை. ஆனால் அது போகும்போது, கனகாலத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு வாகனத் தொடரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள், பயப்படாமல்.

உடம்பு தேறும்வரை டிஸ்கித்தின் அடுப்படியில் கிடந்தாள். அந்த வீட்டில் அடுப்படிதான் பெரிய அறை. சுவர் முழுக்கப் பித்தளைப் பாத்திரங்கள் பளபளத்தன. டிஸ்கித் உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீரை ஊற்றி ஊற்றித் தருவாள். ஒருநாள் அவள் அக்காளிடம் ஏதோ கேட்டாள். பத்மா பதில் சொல்லாமல் சிரித்தாள்.

“என்ன கேக்கிறா?” என்றாள் புஷ்பவதி.

“நான் அங்கே எப்படி இருந்தேன் என்று கேட்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாளாம். உன்னைச் சொல்லச் சொல்கிறாள்.”

புஷ்பவதி எழுந்து இருந்தாள். தன் பக்டறிப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினாள். பத்மா அதை லடாக்கியில் மாற்றினாள். அந்த மாடி முழுக்கப் பத்மாவின் கையைப் போல் வேகமான கை இல்லை என்றாள். செலீன் கத்தும்போது பத்மா மட்டும் பாட்டு முணுமுணுப்பாள் என்றாள். புதிதாக வந்த பெண் யாராவது கழிப்பறையில் அழுதால் போய்க் கதவைத் தட்டுவது பத்மாதான் என்றாள். முதல் பனிப்புயலன்று பஸ் வராமல் போக, தன் கையுறையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, வெறுங்கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்தாள் என்றாள். சந்தையில் கிழவர்கள் வேறு கடை இருக்கப் பத்மாவிடம்தான் வந்து நிற்பார்கள், அழுகின பழத்தைத் தலையில் கட்டமாட்டாள் என்று நம்பி, என்றாள்.

புஷ்பவதி நீட்டி நீட்டிச் சொன்னாள். பத்மாவோ ஒவ்வொன்றையும் இரண்டு சொல்லில் முடித்தாள். டிஸ்கித்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அக்காளின் முழங்காலில் தட்டி, முழுவதையும் சொல் என்று அதட்டினாள். பத்மா முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு, தன்னைப் பற்றிய புகழைத் தானே மொழிபெயர்த்தாள். மூன்று கிழவிகளும் அடுப்படியில் இருந்து சிரித்த சிரிப்பில் தேநீர் ஆறிப்போனது. சொல்லச் சொல்லப் புஷ்பவதிக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த இரைச்சலும் தூசியும் நிறைந்த ஐந்தாம் மாடி, எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கழித்த அந்த வருடங்கள், இவ்வளவு இனிப்பாகவா இருந்தன? யன்னல் கண்ணாடியில் பனி பூப்பூவாய் ஒட்டுவதும், பக்கத்தில் அந்த முணுமுணுப்பும் கண்முன்னால் வந்தன. போய் அந்தக் கதிரையில் ஒருநாள் இருந்துவிட்டு வரலாம்போல் இருந்தது.

புறப்பட இருந்த நாளுக்கு முன்தினம், மெதுவாகத் திரும்பவும் மேலே ஏறினாள். இந்த முறை பத்மா அவசரப்படவில்லை. மண்டபத்துக்குள் ஒரு வயதான துறவி மட்டும் விளக்குகளுக்கு உருக்கிய வெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னக் குகை. ஆதி மகான் தவம் இருந்த இடமாம். புஷ்பவதி வாசலில் தயங்கி நின்றதைக் கண்ட துறவி, பேசாமல் தன் கையில் இருந்த துணியை நீட்டினார். வழிந்த வெண்ணெயைத் துடைக்கிற துணி.

அதை வாங்கிக்கொண்டுதான் அவள் உள்ளே போனாள். அவர் ஊற்றிக்கொண்டு போக, இவள் விளிம்புகளைத் துடைத்துக்கொண்டு போனாள். பிள்ளையார் கோயிலில் விளக்குத் துடைத்த கைதான். கடைசி விளக்குச் சிலைக்கு நேர் முன்னால் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பொன் மங்கிய முகம். ஊரில் வேலிக்கு அப்பால் இருந்த முகத்தின் சாயல் இதில் இருந்ததா என்றால், இருந்தது. அவள் கும்பிடவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்கவில்லை. வீடு வீடுதான், அது இன்னும் அவளுக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் ஓடவேண்டும் என்று கால் சொல்லவில்லை. அந்த இடத்தில் நின்று நிதானமாகக் கடைசி விளக்கையும் துடைத்தாள்.

வெளியே மொட்டைமாடியில் வந்து இருந்தபோதுதான் பத்மா சொன்னாள்.

“புஷ்பா, நான் திரும்பி வரவில்லை.”

“என்ன?”

“டிஸ்கித் தனியாக இருக்கிறாள். எனக்கும் மொன்ட்ரியாலில் ஓர் அறைதானே. இங்கே இருக்கப்போகிறேன்.”

புஷ்பவதிக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. “அப்ப என்னத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி? தனியத் திரும்பிப் போறதுக்கோ?”

“தனியாக வரப் பயமாக இருந்தது” என்றாள் பத்மா. “முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே எல்லோருக்கும் நான் சின்னப் பெண்ணாகப் போனவள். நடுவில் இருந்தது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி இங்கே வந்து நின்றால்தான் அதெல்லாம் நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வரும்.”

புஷ்பவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே டிஸ்கித் வயலுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள். பத்மாவுக்குத் திரும்பி வர ஓர் ஊர் இருக்கிறது என்று புஷ்பவதிக்குப் பொறாமைதான் முதலில் வந்தது. பிறகு அந்தப் பொறாமை மெல்லமெல்ல வெறும் துக்கமாக மாறியது. பத்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அடுத்த நாள் காரில் ஏறியபோது டிஸ்கித் அவள் நெற்றியோடும் நெற்றி முட்டினாள்.

மொன்ட்ரியால் விமான நிலையத்துக்கு உருத்திரமூர்த்தியும் வித்தியாவும் வந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழுமலை வந்த இடத்தில் மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எட்டத்திலை குந்தினவனோ?”

“ஓம். தொப்பியைக் கழட்டிப்போட்டு.”

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நல்ல தாய்க்குப் பிறந்தவன்” என்றார்.

பார்க்-எக்ஸ்டென்ஷனில் பத்மாவின் அறையைக் காலிசெய்ய அவரும் கூட வந்தார். வேண்டாம் என்று அவள் சொல்லியும் வந்து, சட்டிபானைகளைப் பெட்டியில் அடுக்கினார். புஷ்பவதிக்கு இனி அவ்வளவு உயரத்துக்குப் போகக்கூடாது என்று இங்கே சோதித்துப் பார்த்த வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பத்மாவின் முழங்கால் இனி விமானம் ஏறாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

சந்தைக்கு இப்போது உருத்திரமூர்த்தியோடு போகிறாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் விறுவிறென்று நடப்பார். தக்காளிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அவளுடைய கால் தானாக மெதுவாகும். சிலநேரம் வாய் தவறி அவரிடம் அந்தப் பழைய பிரெஞ்சில் ஏதாவது சொல்லிவிடுவாள். அவர் திரும்பி, “என்ன சொல்லுறீர்?” என்பார். “ஒண்டுமில்லை, போங்கோ” என்பாள். அந்தப் பாஷை தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்மாவின் முகம் கைத்தொலைபேசியில் வரும். அங்கே பொழுது சாய்கிற நேரம். கரண்ட் நின்றால் முகம் மறைந்துபோகும். இவள் விடாமல் திரும்பத் திரும்ப அழைப்பாள். போன கிழமை பத்மா குறைப்பட்டுக்கொண்டாள். “ஊசிக்குப் பிரெஞ்சில் என்ன என்று மறந்துவிட்டேன், புஷ்பா. காலையிலிருந்து யோசிக்கிறேன்.”

“எய்குய்” என்றாள் புஷ்பவதி.

“எய்குய்” என்றாள் பத்மா, வாயை நிறைத்துக்கொண்டு.

நூலுக்கு என்ன, கழுத்துப்பட்டிக்கு என்ன, உள்துணிக்கு என்ன என்று இரண்டு பேரும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். உருத்திரமூர்த்தி பக்கத்துக் கதிரையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.